ஏணி மூங்கிலில் ஒரு வில்

திருக்கோகர்ணம்
9-3-1957

அத்தானுக்கு,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. நானும் வயிற்றில் இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறோம். கோபம்தான் தாங்க முடியவில்லை.

மாட்டுச் சந்தைக்கு வந்த நாகராசு அண்ணன் நேற்று இங்கே எட்டிப் பார்த்தார். நம் ஊர் பங்குனித் திருவிழாவில் சீதா கல்யாண நாடகத்துக்கு இந்த வருஷமும் அவர்தான் ராமராம். மீசையை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். போகிற போக்கில், "வில்லுக்கு ஆத்மநாதன் வெத்தல பாக்கு வாங்கிட்டான் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுப்படியில் இருந்த அம்மா காதில் அது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

போன வருஷமும் இதே பங்குனித் திருவிழாவுக்குத்தான் வெற்றிலை பாக்கு வாங்கினீர்கள். முருங்கைக் கட்டையில் வில் செய்து, அதை நடுவில் அறுத்து, அரிசிப் பசையால் ஒட்டி, மேலே தங்கக் காகிதம் சுற்றிக் கொடுத்தீர்கள். ராமர் தொட்டதும் ஒடிந்தது. ஊரே கை தட்டியது. மூன்று மாத வயிற்றோடு உட்கார்ந்து நானும் தட்டினேன். அடுத்த வாரமே அது தங்காமல் போய்விட்டது.

மாசமாக இருக்கிறவளின் புருஷன் தேங்காய்கூட உடைக்க மாட்டான். கோழி அறுக்க மாட்டான். பச்சை மரத்தில் கை வைக்க மாட்டான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? உடைவதற்கென்றே ஒரு பொருளை அந்தக் கையால் செய்யலாமா? அதனால்தான் போயிற்று என்று அம்மா சொல்கிறாள். அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. அவ்வளவுதான்.

செய்துதான் தீருவேன் என்றால் ஒடியாத வில்லாகச் செய்யுங்கள். ராமர் என்ன செய்கிறார் என்று பார்ப்போம்.

பதிலைக் கார்டில் எழுதாதீர்கள். இந்த ஊர்த் தபால்காரர் வாசலிலேயே நின்று படித்து முடித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

செவந்தி


நெடுங்கரைப்பட்டி
குன்றாண்டார்கோவில் வழி
14-3-1957

அன்புள்ள செவந்திக்கு,

கவரில்தான் எழுதுகிறேன், பார்த்துக்கொள்.

வெற்றிலை பாக்கை நான் கேட்டு வாங்கவில்லை. ஊர்ப் பெரியவர் உடையப்பன் அம்பலம், கோயிலில் ஊர் முன்னால் வைத்து நீட்டினார். இந்த ஊரில் ஆசாரி வீடு நம் வீடு ஒன்றுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? வில் இல்லாவிட்டால் சீதா கல்யாணம் இல்லை. கல்யாணம் முடியாமல் தேர் நிலையை விட்டு நகராது. அன்றைக்கே மணிக்கட்டில் காப்பும் கட்டிவிட்டார்கள். இனித் திருவிழா முடிகிற வரை நான் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இல்லாவிட்டால் உன் கடிதம் வந்த அன்றே பஸ் ஏறி வந்து நேரிலேயே திட்டு வாங்கியிருப்பேன்.

போன வருஷம் நடந்ததை எழுதியிருந்தாய். அந்த இடத்தை மட்டும் என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை. எனக்கும் அது பிள்ளைதானே, செவந்தி. அப்போது அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒடியாத வில்லாகச் செய் என்று நீ கோபத்தில்தான் எழுதினாய். ஆனால் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. உடைவதற்காக என் கை எதையும் செய்யாது. ஊருக்கு வில் தருவதாக வாக்கும் கொடுத்தாயிற்று. வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

இதில் ஒரு சிக்கல். வில்லுக்கு என்று நல்ல வாதாக, முடிச்சில்லாத கிளையாகப் பார்த்து ஒரு மரத்திலிருந்து வெட்ட வேண்டும். பச்சை மரத்தில் கை வைக்கக் கூடாது என்று நீயே சட்டம் போட்டுவிட்டாய். ஆகையால் பழைய கட்டைகளாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். கோயிலில் ஏறி நின்று விளக்கேற்றுகிற பழைய ஏணியின் மூங்கில் ஒன்று. முறிந்துபோன வண்டியின் ஏர்க்கால் ஒன்று, அது கருவேல மரம். நம் வீட்டு ஜன்னலில் கழற்றிப் போட்ட தேக்குச் சட்டம் ஒன்று. இதில் எதுவும் தனியாக வில்லுக்கு ஆகாது. மூங்கில் நன்றாக வளையும், ஆனால் அழுத்தம் தாங்காது. கருவேலம் தாங்கும், வளையச் சொன்னால் முறைக்கும். மூன்றையும் மெல்லிய பட்டையாக இழைத்து, வெளிப்பக்கம் மூங்கில், உள்பக்கம் கருவேலம், நடுவில் தேக்கு என்று வைத்து வஜ்ஜிரப் பசையால் ஒட்டினால் ஆகும் என்று நினைக்கிறேன். பல்லக்கின் மேல்வளைவை அப்படி ஒட்டியிருக்கிறேன். வில் ஒட்டியதில்லை.

சாப்பாட்டில் கோபத்தைக் காட்டாதே. அத்தையிடமும் சொல்.

ஆத்மநாதன்


நெடுங்கரைப்பட்டி
20-3-1957

செவந்திக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. எனக்கு எழுத வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? அதனால் நானே மறுபடி எழுதுகிறேன்.

ஒரு பனஞ்சட்டத்தில் வில்லின் வளைவை வெட்டி அச்சு செய்தேன். வஜ்ஜிரம் காய்ச்சிச் சூடு ஆறுவதற்குள் மூன்று பட்டையிலும் பூச வேண்டும். நீ இருந்தால் சட்டியைப் பிடித்துக்கொள்வாய். தனி ஆளாகத் திண்டாடிப் பூசி, பட்டைகளை அச்சின் மேல் அடுக்கி, கயிறு சுற்றி, ஆப்பு அடித்து இறுக்கினேன். அது போதாது என்று மேலே பாரமும் ஏற்றினேன். உன் அம்மி, குழவி, உலக்கை எல்லாம் இப்போது பட்டறையில்தான் இருக்கின்றன.

நேற்றுப் பிரித்துப் பார்த்தேன். கருவேலமும் தேக்கும் ஒன்றையொன்று விடமாட்டேன் என்று பிடித்திருக்கின்றன. மூங்கில் மட்டும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. நல்ல வெயில், நல்ல வஜ்ஜிரம், ஈரமும் இல்லை. ஏன் என்று பிடிபடவில்லை. இவ்வளவு நேரம் உட்கார்ந்து அந்த மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமிக்கே இஷ்டமில்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன். நம் பிள்ளைக்காகச் செய்வது பிரிந்து போனால் நான் அதை எப்படி எடுத்துக்கொள்வது, சொல்.

இன்னொரு விஷயம். வஜ்ஜிரம் சூடு ஆறாமல் நிற்க அடிகனமான சட்டி தேவைப்பட்டது. வீட்டில் அப்படி ஒன்றுதான் இருந்தது. எது என்று இப்போது சொல்ல மாட்டேன்.

ஆத்மநாதன்


திருக்கோகர்ணம்
24-3-1957

அத்தான்,

என் கல்சட்டியிலா?

கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சட்டி. எண்ணெயும் கஞ்சியும் ஊற்றி ஊற்றி நான் பழக்கியது. மாட்டுத்தோல் பசையை அதில் காய்ச்சியிருக்கிறீர்களே, இனி அதில் ஒரு வத்தக்குழம்பு வைத்தால் மனுஷர் வாயில் வைப்பார்களா? அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வில்லை விட்டுவிட்டுச் சட்டிக்கு அழ ஆரம்பித்துவிடுவாள்.

மூங்கில் ஏன் ஒட்டவில்லை என்று கேட்கிறீர்கள். விளக்கேற்றுகிற ஏணி என்று நீங்கள்தானே எழுதினீர்கள். எத்தனை வருஷத்து எண்ணெய் அதில் வடிந்து ஊறியிருக்கும்? பிசுபிசுப்பில் எதுதான் ஒட்டும்? சீயக்காயும் சூடான வடிகஞ்சியும் போட்டு நன்றாகத் தேயுங்கள். அப்புறம் உவர்மண்ணைக் குழைத்துப் பூசி வெயிலில் போடுங்கள். மண் எண்ணெயை இழுத்துக்கொள்ளும். மண் கறுக்கிற வரைக்கும் மறுபடி மறுபடி பூசிக்கொண்டே இருங்கள், கறுக்காமல் வெள்ளையாகக் காய்ந்தால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தம். எண்ணெய் பட்ட சேலையை நான் அப்படித்தான் வெளுப்பேன்.

நான் உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். செய்வது என்று ஆகிவிட்டது, பிரியாமல் இருக்கட்டும் என்றுதான்.

உலக்கையை அப்படியே பட்டறையில் போட்டு வைக்காதீர்கள். கரையான் ஏறிவிடும்.

செவந்தி


நெடுங்கரைப்பட்டி
31-3-1957

என் செவந்திக்கு,

ஒட்டிவிட்டது.

நீ சொன்னபடியே செய்தேன். நான் வீதியில் உட்கார்ந்து மூங்கிலுக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்ததைப் பார்த்து எதிர்த் திண்ணையில் முனியாயி அக்கா பூத்தொடுப்பதை விட்டுவிட்டுச் சிரித்தது. "மூங்கிலுக்கு எண்ணெய்க் குளியலா ஆசாரி?" என்று கேட்டது. கறுத்த மண்ணாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெள்ளையாகக் காய்ந்தது. அப்புறம் வஜ்ஜிரம், கயிறு, ஆப்பு, அம்மி எல்லாம் பழையபடி. இந்தத் தடவை பிரித்தபோது எங்கே மூங்கில் முடிகிறது, எங்கே தேக்கு தொடங்குகிறது என்று நகத்தால் தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை.

ஒட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. வில்லின் இரண்டு கையும், பிடிக்கு மேலும் கீழும், ஒரே அளவாக வளைய வேண்டும். ஒரு பக்கம் விறைப்பாக இருந்தால் மறுபக்கம்தான் எல்லாப் பாரத்தையும் வாங்கும், அங்கேதான் முறியும். நடுப்பிடியைச் சுவர் முளையில் மாட்டி, நாணுக்குப் பதில் ஒரு நீளக் கயிறு கட்டி, தள்ளி நின்று மெல்ல இழுத்துப் பார்ப்பேன். எந்தக் கை முரண்டு பிடிக்கிறதோ அதன் உள்பக்கத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டுவேன். மறுபடி மாட்டி இழுப்பேன். இழைப்புளி போட்டால் ஒரே இழுப்பில் அதிகம் போய்விடும். கண்ணாடி என்றால் மாவு மாதிரிதான் வரும். இப்படிச் சுரண்டிச் சுரண்டி, இரண்டு பக்கமும் ஒன்றாக வளைந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

கற்றாழை நாரில் நாண் முறுக்கினேன். ஆசைக்கு ஒரு மூங்கில் குச்சியை வைத்து விட்டுப் பார்த்தேன். ஊருணியின் இந்தக் கரையிலிருந்து போனது, அந்தக் கரையில் உடையப்பன் அம்பலம் வீட்டு வைக்கோல் போரில் குத்தி நின்றது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

நாகராசுவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், இது ஒடிகிற வில் இல்லை என்று. அவன் நம்பவில்லை. "ஏர் மாட்டையே கொம்பைப் பிடிச்சு மடக்குறேன், இந்தக் குச்சியா பெருசு?" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

பிள்ளை உதைக்கிறதா? எழுது.

ஆத்மநாதன்


திருக்கோகர்ணம்
4-4-1957

அத்தான்,

உதைக்கிறது. இதை எழுதும்போதும் உதைக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் படுத்துக்கொண்டு யோசித்தேன், சந்தோஷம் போய்விட்டது. வில் ஒடியாவிட்டால் என்ன நடக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஊர் ஜனம் அத்தனையும் கூடியிருக்கும். ராமர் நின்று முக்கிக்கொண்டிருப்பார். கல்யாணம் நிற்கும், தேர் நிற்கும். எல்லாரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். காப்புக் கட்டிய கையால் ஊரை ஏமாற்றினான் என்று சொல்லிவிட்டால் அந்த ஊரில் அப்புறம் நாம் எப்படி இருப்பது? பிறக்கிற பிள்ளையும் அங்கேதானே வளர வேண்டும்.

நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த வில்லைப் பரணில் வையுங்கள். முருங்கைக் கட்டையிலேயே ஒன்று செய்து கொடுத்துவிடுங்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கும். இருந்துகொள்கிறேன். அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். உங்களை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைத்துவிட்டு இங்கே நான் மட்டும் நிம்மதியாக இருந்தால் அது நன்றாக இருக்காது.

இந்தக் கடிதம் திருவிழாவுக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டு போடுகிறேன்.

உங்கள் செவந்தி


நெடுங்கரைப்பட்டி
9-4-1957

என் செவந்திக்கு,

உன் கடிதம் திருவிழாவுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. உன் பிள்ளையார் வேலையைச் சரியாகச் செய்தார். நான்தான் நீ சொன்னதைச் செய்யவில்லை.

முருங்கைக் கட்டையை எடுத்து வைத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ரம்பத்தையும் எடுத்தேன். கை ஓடவில்லை. அப்போதுதான் தெரிந்தது, பயம் உனக்கும் அத்தைக்கும் மட்டும் இல்லை என்று. கட்டையை அடுப்புக்குப் போட்டுவிட்டு, நம் வில்லுக்கே தங்கக் காகிதம் சுற்றினேன்.

நாடகம் வழக்கம்போல வில் கட்டத்துக்கு வரும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. உடையப்பன் அம்பலம் ஜனக மகாராஜா. தையல்காரர் சேவுகன் சீதை. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டபடி நின்றார். நாகராசு மேலெல்லாம் நீலம் பூசிக்கொண்டு வந்து வில்லை எடுத்தான். நாண் ஏற்றவே அவனுக்கு மூச்சு வாங்கியது. ஏற்றிவிட்டான். ஜனம் கை தட்டியது. இழுத்தான். வில் அழகாக வளைந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வளைந்தது. ஒடியவில்லை.

ஆர்மோனியக்காரர் "ஒடித்தார் ராமர்" என்று பாடிவிட்டார். ஒடியவில்லை. மறுபடி அதே வரியைப் பாடினார். நாகராசு முழங்காலில் வைத்து அழுத்தினான். நீலம் வியர்வையில் கரைந்து வேட்டியெல்லாம் வடிந்தது. திரைக்குப் பின்னால் இருந்தவன் எவ்வளவு நேரம்தான் திரியைப் பிடித்துக்கொண்டிருப்பான்? ஒடிகிற சத்தத்துக்கு வைத்திருந்த வெடியைக் கொளுத்திவிட்டான். படார் என்று சத்தம் கேட்டது. புகை விலகினால் ராமர் கையில் வில் முழுசாக இருக்கிறது! அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் முணுமுணுப்பு ஆரம்பித்தது. வில் ஒடியாமல் கல்யாணம் எப்படி, தேர் எப்படி என்றார்கள். விளைச்சல் பெருகும் என்று ஒடிந்த சில்லைக் கொண்டுபோய் நெல் குலுக்கையில் போட்டு வைப்பார்களே, அதற்காக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முகமே மாறிவிட்டது. காப்புக் கட்டிய ஆசாரி ஊரை ஏமாற்றிவிட்டான் என்று யாரோ சத்தமாகவே சொன்னார்கள். நீ பயந்தது அப்படியே நடந்தது. நான் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து முனியாயி அக்கா எழுந்தது. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னது.

"அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. போன வருசம் என்ன ஆச்சுன்னு ஒங்களுக்கெல்லாம் தெரியாதா? அவன் எப்படிய்யா ஒடியுற வில்லு செய்வான்? அவங்கிட்ட வெத்தல பாக்க நீட்டுனதே நம்ம தப்பு."

ஆம்பளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பேர் இருந்தும் யாருக்கும் அது தோன்றவில்லையே என்று அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. உடையப்பன் அம்பலம் கிரீடத்தைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தார்.

"வில்ல வளைக்கிறவனுக்குத்தான் பொண்ணுன்னு நான் சொன்னேன். ஒடிக்கச் சொன்னேனா? வளைச்சுட்டான்ல. மாலையைப் போடு தாயி."

சேவுகன் மாலையைப் போட்டார். மேளம் கொட்டியது. கல்யாணம் முடிந்தது, தேரும் கிளம்பியது. அதற்கு முன்னால் அம்பலம் வேஷத்தோடேயே இறங்கி வந்து வில்லை என் கையில் கொடுத்தார். "ஒடிஞ்சிருந்தா ஊருக்கு. ஒடியல, ஒனக்குத்தான். பிள்ளை நல்லபடியா பெறக்கட்டும்" என்றார். நான் அழுதுவிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நாகராசுவுக்குத் தோள் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்னைத் திட்டிக்கொண்டே பத்துப் போட்டுக்கொள்கிறான். நாளைக்குக் காப்பு அவிழ்க்கிறார்கள். அவிழ்த்த கையோடு பஸ் ஏறுகிறேன்.

ஆத்மநாதன்


திருக்கோகர்ணம்
10-8-1957

அத்தான்,

நானும் ஜானகியும் நலம். இந்தத் தடவை மனசாரவே எழுதுகிறேன். பிள்ளைக்கு உங்களைப் போலவே காது மடல். தூங்கும்போது நெற்றியைச் சுருக்குகிறாள், யாரைத் திட்டுகிறாளோ.

பிள்ளையைப் பார்க்க வந்தபோது நீங்கள் வில்லையும் வேட்டியில் சுற்றிக்கொண்டு வந்தீர்கள். என்ன இருந்தாலும் வில்தானே என்று அம்மா அதை வீட்டுக்குள் விடாமல் மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டுவிட்டாள். அன்றைக்கு உங்கள் முகம் வாடியதை நான் பார்த்தேன். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் அம்மாவோடு சண்டை எதற்கு என்று பேசாமல் இருந்தேன்.

முந்தாநாள் தொட்டில் கம்பு ஒடிந்துவிட்டது. சேலையின் இரண்டு பக்கமும் சேராமல் விரித்துப் பிடிக்க வைக்கிற கம்புதான். பிள்ளை அப்போது என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் தொட்டிலை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள், கையிலேயே முறிந்தது. அம்மா முகத்தில் ரத்தமே இல்லை. கம்பையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜானகி பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தாள். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் எழுந்து கொட்டகைக்குப் போனாள். நான் ஏதோ மாட்டுக்குக் கஞ்சித்தண்ணீர் வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வில்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நாணை அவிழ்த்தாள். நடுப்பிடியில் கயிறு கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டு, இரண்டு முனையிலும் சேலையைக் கட்டினாள். முதலில் சின்ன அரிசி மூட்டையைப் போட்டு ஆட்டினாள். அப்புறம் குழவிக்கல்லைப் போட்டு ஆட்டினாள். அப்புறம் அதில் அவளே தொங்கிப் பார்த்தாள், அத்தான்! வில் வளைந்தது, திரும்ப நிமிர்ந்தது. இறங்கி நின்று, "ஒம் புருசன் கெட்டிக்காரன்தான்டி" என்றாள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் உங்களைப் பற்றி அம்மா வாயிலிருந்து இப்படி வந்து நான் கேட்டதில்லை. உடனே எழுதச் சொல்லி நச்சரித்ததும் அவள்தான்.

பிள்ளை காலை உதைத்தால் வில் அதுவாகவே ஆடுகிறது. ஆட்டிவிட ஆள் வேண்டியதில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இப்போதும் அதில்தான் தூங்குகிறாள். நான் கீழே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வருஷம் போனதை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே நிமிர்ந்து பார்த்தால் பயம் இல்லை.

ஆடி முடியட்டும். ஆவணி பிறந்து முதல் வியாழக்கிழமை வாருங்கள். வெள்ளிக்கிழமை வந்தால் அம்மா எங்களை அனுப்ப மாட்டாள். வில்லைக் கழற்றி எடுத்துக்கொண்டுதான் வருவேன், நம் வீட்டு உத்திரத்தில் இப்போதே ஒரு வளையம் அடித்து வையுங்கள்.

அப்புறம், புதுக் கல்சட்டி ஒன்று வாங்கி வைத்திருக்க வேண்டும். நாங்கள் வாசல்படி ஏறும்போது அது அடுப்பில் இருக்க வேண்டும். பழையதைப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் செவந்தி